160 பேரின் சம்பளக் கணக்கு: பதிவேடா, வாசல் இயந்திரமா, மாதச் சந்தா மென்பொருளா?

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஒரு கன்டெய்னர் பழுதுபார்ப்பு யார்டில் மனிதவளம், சம்பளக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் மொத்தம் 160 பேர் வேலை செய்கிறார்கள். மூன்று ஷிப்டில் சுழலும் வெல்டர், ஃபிட்டர், கிரைண்டர், பெயின்டர் எனப் பணிமனையில் 70 பேர், டிரெய்லர் ஓட்டுநர்கள் 40 பேர், அலுவலகத்தில் 18 பேர், ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள் 32 பேர். இவர்களுடைய வருகை, விடுப்பு, ஓவர்டைம், பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அனைத்தும் இன்றுவரை பச்சை அட்டை போட்ட நீளப் பதிவேட்டிலும் ஓர் எக்செல் கோப்பிலும்தான் ஓடுகின்றன. இதை மாற்றியாக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்து, எதற்கு மாறலாம் என்பதை ஒப்பிட்டு எழுதித் தருமாறு கேட்டது. இதே அளவில் இயங்கும் மற்ற நிறுவனங்களுக்கும் உதவக்கூடும் என்பதால் அந்த ஒப்பீட்டைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. பதிவேட்டையும் எக்செல்லையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, இப்போது இருப்பதுபோல் பி.எப்., இ.எஸ்.ஐ. வேலையை வெளியில் உள்ள கன்சல்டன்ட்டிடமே விட்டுவைப்பது முதல் வழி. வாசலில் விரல்ரேகை அல்லது முகம் அறியும் இயந்திரத்தை மாட்டி, அலுவலகக் கணினியில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய சம்பள மென்பொருளோடு இணைப்பது இரண்டாவது. தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டி, இணையத்தில் இயங்கும் மனிதவள மென்பொருளுக்கு மாறிவிடுவது மூன்றாவது. சென்னையிலிருந்து ஸோஹோ, பெங்களூரிலிருந்து கிரேட்எச்ஆர், ஹைதராபாத்திலிருந்து கேகா, டார்வின்பாக்ஸ் என்று மூன்றாவது வழிக்குப் பல பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பெயர் சிறந்தது என்பதற்குள் நான் போகவில்லை. அதற்கு முந்தைய கேள்வியே இன்னும் முடியவில்லை.

இத்தகைய ஒப்பீடுகளில் வசதிகளை எண்ணி, அதிக வசதி உள்ளதற்கு அதிக மதிப்பெண் போடுவது வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் ஓர் அட்டவணை தயாரித்தேன். அதில் 40 வரிகள் வந்தன. அவற்றில் 25 எங்களுக்கு ஒருபோதும் தேவைப்படாதவை. அதைக் கிழித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியை மட்டும் மூன்று வழிகளிடமும் கேட்பது என்று முடிவு செய்தேன். ஒருவருடைய பதிவு தவறாகிவிட்டால், அது தவறு என்று அவருக்கு எப்போது தெரியவரும், அதை யார், எந்தச் சான்றைப் பார்த்து, எத்தனை நாளில் திருத்துவார் என்பதே அந்தக் கேள்வி.

இந்த ஒரு கேள்விக்கு ஏன் இத்தனை எடை என்று கேட்கலாம். வருகைப் பதிவில் விடுபடும் ஒரு நாள் அந்த நாளின் கூலியோடு நிற்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. ஒரு பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் அதற்குரிய பயன்காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். 77 நாள் மட்டும் பதிவான ஒருவர் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் படுத்திருக்கும்போதுதான் அந்த ஒரு நாளின் விலை தெரியும். அதேபோல, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி நிரந்தரத் தகுதி பெறுகிறார் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கும் சான்று வருகைப் பதிவுதான். சில முதலாளிகளுக்குப் பென்சிலால் எழுதும் பதிவேட்டின் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்த 480 நாளும் ஒரு காரணம் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்து, யாரும் எழுதாத செய்தி.

வடசென்னைக்கும் கடிகாரத்துக்கும் இடையிலான வழக்கு பழையது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் முதலில் கேட்ட குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. ஆகவே வாசலில் ஒரு புதிய இயந்திரம் மாட்டப்படும்போது இங்குள்ள தொழிலாளி அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதைப் பழமைப்பிடிப்பு என்று தள்ளிவிட முடியாது.

இனி முதல் வழி. பதிவேட்டின் பெரிய பலம், தவறு உடனே கண்ணில் படுவது. ஷிப்ட் முடிந்து போகும்போது சூப்பர்வைசரின் மேசையில் பதிவேடு திறந்தே கிடக்கும். தன் பெயருக்கு நேராக இருக்கும் கட்டத்தை எவரும் எட்டிப் பார்க்கலாம். "சார், நேத்து நான் நாலு மணி நேரம் ஓ.டி. நின்னேன், இங்க ரெண்டுதான் போட்டிருக்கு" என்று அங்கேயே சொல்லலாம், சூப்பர்வைசர் அடித்து எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். திருத்தத்துக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். எந்த மென்பொருள் விற்பனையாளரும் இதைவிட வேகமான திருத்தத்தை எனக்குக் காட்டவில்லை.

ஆனால் பதிவேடு நம்பியிருப்பது மனிதரை. சூப்பர்வைசர் நல்லவராக இருந்தால் நல்ல பதிவேடு. வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பவராக இருந்தால் அதுவே ஆயுதம். மாதக் கடைசியில் பதிவேட்டிலிருந்து எக்செல்லுக்கு 160 வரிகளைப் பெயர்த்து எழுதும் இரண்டு நாள்களில் புதிய தவறுகள் நுழைகின்றன. அவை சம்பளம் கைக்கு வரும்வரை தொழிலாளிக்குத் தெரிவதில்லை. விலகிப்போகிறவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லும்போது, விடுப்புக் கணக்கைப் பழைய மூன்று பதிவேடுகளில் தேடிக்கொண்டிருக்கும் எங்களால் அதைச் செய்ய முடிவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆறு ஆண்டுப் பதிவேடுகள் மூன்று நாள் ஊறின. நீர் வடிந்த பிறகு அவற்றை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை தப்பின. மசிப்பேனாவால் எழுதிய இரண்டு ஆண்டுகள் நீலக் கறையாகிப்போயின. அந்த இரண்டு ஆண்டுகளுக்குரிய விடுப்புக் கணக்கை இன்றைக்கும் நாங்கள் தொழிலாளர்களின் வாய்ச்சொல்லையும் வங்கிக் கணக்கில் ஏறிய தொகையையும் வைத்துத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். பதிவேடு போதும் என்று வாதிட்டுவந்த எங்கள் மூத்த கணக்கரும் அந்த மாடியில் நின்றபோது வாதத்தைக் கைவிட்டார்.

இரண்டாவது வழியான வாசல் இயந்திரத்தை இரவலாக வாங்கிச் சில வாரம் ஓட்டிப் பார்த்தோம். முதலில் விரல்ரேகை இயந்திரம். அலுவலகத்தில் உள்ளவர்களுக்கு அது எந்தத் தொல்லையும் தரவில்லை. கிரைண்டிங் பிரிவில் பலருக்கு விரல் பதியவே இல்லை. இரும்புத் தூளும் தின்னரும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோன விரல் அது. கையைக் கழுவித் துடைத்து, சட்டையில் தேய்த்து, நான்காவது முறை வைத்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மதியம் 2 மணி ஷிப்ட் மாற்றத்தின்போது வாசலில் 20 பேர் வரிசையில் நிற்க, முன்னால் நிற்பவர் தன் விரலையே குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்க மாட்டேன். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், அரசு அலுவலகங்களிலேயே விரல்ரேகை வருகைப் பதிவை நிறுத்திவைத்ததும் இந்த இயந்திரத்தின் இன்னொரு பலவீனத்தை நினைவூட்டுகிறது.

முகம் அறியும் இயந்திரம் எவ்வளவோ மேல். ஹெல்மெட்டைக் கழற்றி, முகக்கவசத்தை இறக்கினால் பெரும்பாலும் ஒரு நொடியில் பதிந்துவிடுகிறது. காலை வெயில் நேராக அடிக்கும் திசையில் மாட்டியதால் முதல் வாரம் தடுமாறியது. கிழக்கு பார்த்த தூணிலிருந்து கூரைக்கு அடியில் மாற்றிய பிறகு சரியானது. இயந்திரம் வாங்குபவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அதை மாட்டப்போகும் தூணைக் காலை 6 மணிக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

உண்மையான சிக்கல் இயந்திரத்தில் இல்லை, அதன் பின்னால் இருக்கும் மென்பொருளில் இருந்தது. இரவு 10 மணிக்கு உள்ளே வந்து மறுநாள் காலை 6 மணிக்கு வெளியேறும் ஒருவரை அது இரண்டு ஆளாகப் பார்த்தது. முதல் நாளில் "வந்தார், போகவில்லை"; இரண்டாம் நாளில் "போனார், வரவில்லை". இரண்டு நாளும் அரை நாள். நள்ளிரவில் தேதி மாறும் என்பதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், நள்ளிரவில் வேலை முடிவதில்லை என்பதைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள். நாள் மாறும் நேரத்தைக் காலை 8 மணிக்குத் தள்ளிவைக்கலாம் என்றார் மென்பொருள் நிறுவனத்தார். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து 10 மணிவரை ஓவர்டைம் நிற்பவருக்கு அதுவும் பொருந்தாது. யார் எந்த நாளில் எந்த ஷிப்ட் என்ற அட்டவணையை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் சரியாகும் என்பது அடுத்த தீர்வு. அதிலும் ஒரு தொல்லை உண்டு: எங்கள் ஆள்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் மாசித் திருவிழா நாள்களில் இரவு ஷிப்டில் யார் இருப்பார் என்பது அன்று மாலைதான் எனக்கே தெரியும். இந்த விட்டுக்கொடுத்தலை நிறுத்திவிட்டால் கணக்கு சுத்தமாகும், பணிமனை கெடும். ஆகையால் ஷிப்ட் மாற்றத்தைச் சூப்பர்வைசரே அன்றன்று திருத்தும் வசதி இல்லாத எந்த மென்பொருளையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

அடுத்தது, நிமிடங்களை வெட்டும் அமைப்பு. விற்பனையாளர் காட்டிய மாதிரியில் ஓவர்டைம் நேரத்தை அரை மணிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கும்படி ஆரம்பத்திலேயே அமைத்திருந்தார்கள். 2 மணி 50 நிமிடம் நின்றவருக்கு இரண்டரை மணி நேரம். சிறிய விஷயம்போலத் தோன்றும். மாதம் 20,800 ரூபாய் வாங்கும் வெல்டருக்கு 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 800, மணிக்கு 100. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்து புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்வதால் மணிக்கு 200. நாளுக்கு 20 நிமிடம் வீதம் 20 நாள் வெட்டப்பட்டால் மாதம் 1,333 ரூபாய் போகிறது. பதிவேட்டில் ஒருவர் இப்படி வெட்டியிருந்தால் அன்றே சண்டை வந்திருக்கும். மென்பொருளில் அது ஓர் அமைப்புப் பக்கத்தில், ஒரு சிறு கட்டத்தில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் போட்டவர் யார் என்று கேட்டால், "இயல்பாகவே அப்படித்தான் வரும்" என்பது பதில்.

இரண்டாவது வழிக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். மாதச் சந்தா இல்லை. இணைப்பு அறுந்தாலும் இயந்திரம் தன் நினைவகத்தில் பதிவைச் சேமித்துவைக்கும். தொழிலாளர்களின் முகத் தரவு எங்கள் வளாகத்தை விட்டு வெளியே போகாது. ஆனால் சட்டம் மாறும்போதுதான் ஒருமுறை விலையின் பொய் வெளிப்படுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. ஊதியத்துக்கான வரையறையே மாறியது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி முதலிய விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கிக் காட்டிவந்த நிறுவனங்களுக்கு, பணிக்கொடை உட்பட ஊதியத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்குகள் எல்லாம் இதனால் மாறுகின்றன. அலுவலகக் கணினியில் இருக்கும் பழைய மென்பொருள் இதைத் தானாக அறியாது. புதிய பதிப்புக்குத் தனி விலை, அதை நிறுவ வரும் ஆளுக்குத் தனிக் கட்டணம்.

இங்கேதான் மூன்றாவது வழி தன் மதிப்பைக் காட்டுகிறது. சட்டம் மாறினால் அவர்கள் தங்கள் பக்கத்தில் மாற்றிவிடுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது சரிபார்ப்பது மட்டும். சம்பளச் சீட்டு தொழிலாளியின் கைபேசிக்கே போகிறது. அன்றைய வருகை அன்று மாலையே தெரிகிறது. தவறு என்றால் அங்கேயே ஒரு விண்ணப்பம் போடலாம். அது யாரிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதும் பதிவாகிறது. என் ஒற்றைக் கேள்விக்குக் காகிதத்தில் மிகச் சிறந்த பதில் இதுதான்.

டிரெய்லர் ஓட்டுநர்களைப் பொறுத்தவரை இதற்கு மாற்றே இல்லை என்றும் சொல்லலாம். அவர்கள் நாளில் பாதியை யார்டுக்கு வெளியே கழிக்கிறார்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரம் மட்டுமே சில நாள் ஒரு ஷிப்டுக்குச் சமம். வாசல் இயந்திரம் அதைக் காணாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தொட்டே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு உண்டு. வரிசையில் காத்துக் கிடந்த நேரம் வேலை நேரமா இல்லையா என்று மாதம்தோறும் நடக்கும் வாக்குவாதத்துக்குக் கைபேசியில் இருப்பிடத்தோடு பதியும் நேரம் ஒரு முடிவு கட்டும். ஆனால் இருப்பிடத்தை எப்போது பார்ப்பது என்பதற்கு எல்லை வேண்டும். பணி முடிந்ததாகப் பதிந்த பிறகும் அந்தச் செயலி இருப்பிடத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்ததை எங்கள் ஓட்டுநர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கைபேசியின் சார்ஜ் இரவில் ஏன் இறங்குகிறது என்று பார்க்கப் போய்த் தெரிந்தது. வீட்டில் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது நிறுவனத்துக்குத் தேவையில்லாத செய்தி. அந்த அமைப்பை நிறுத்தச் சொல்லி எழுதிக் கேட்டோம். நிறுத்த மூன்று வாரம் ஆயிற்று.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, விளம்பரத்தில் கடைசி வரியில் வருவது: உரிமங்களின் காலாவதி நினைவூட்டல். போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மணலியின் ஆலைகளிலிருந்து அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநர்களுக்கு அது 3 ஆண்டுதான், அதற்கு முன் ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சியும் முடிக்க வேண்டும். 40 ஓட்டுநர்களின் 40 தேதிகளை ஒருவர் மனத்தில் வைத்திருக்க முடியாது. எக்செல்லிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் எக்செல் தானாக எழுந்து வந்து தட்டிச் சொல்லாது.

குறைகள் எல்லாம் மொழியிலும் ஊரிலும் இருந்து வருகின்றன. நாங்கள் சோதித்த ஒரு செயலியைத் தமிழில் திறந்தபோது, விடுப்புக்கு விண்ணப்பிக்கும் பொத்தானில் "வெளியேறு" என்று எழுதியிருந்தது. லீவ் என்ற சொல்லுக்கு அகராதியில் கிடைத்த முதல் பொருளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். லீவ் கேட்க நினைத்த பெயின்டர் ஒருவர் அதை அழுத்தலாமா கூடாதா என்று பயந்து, கைபேசியை என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஏற்கெனவே நிரப்பி வந்த விடுமுறைப் பட்டியலில் ஹோலி இருந்தது, பொங்கல் ஒரு நாளோடு நின்றது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு இன்னும் ஐந்து நாள்களும் சேர்ந்து ஒன்பது நாளாவது வர வேண்டும். அந்த ஐந்தை ஒவ்வோர் ஆண்டும் நாமே உட்கார்ந்து ஏற்ற வேண்டும். தொழில்வரியை மாதாமாதம் பிடிக்கும்படி அமைத்திருந்தார்கள். பெங்களூரில் அது சரி, சென்னை மாநகராட்சிக்கு நாம் கட்டுவது அரையாண்டுக்கு ஒருமுறை, உச்ச அளவு 1,250 ரூபாய்.

இவற்றைவிட நுட்பமான ஒரு தவறு இ.எஸ்.ஐ.யில் இருந்தது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களே இதில் வருவார்கள் என்பதால், ஜூன் மாதச் சம்பள உயர்வில் ஒருவர் 21,000ஐத் தாண்டியதும் செயலி பிடித்தத்தை நிறுத்திவிட்டது. விதி அப்படி இல்லை. பங்களிப்புக் காலத்தின் நடுவில் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடித்தாக வேண்டும். அதேபோல, தகுதி பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. மேலே சொன்ன 20,800 ரூபாய் வெல்டர் ஒரு மாதம் 2,000 ரூபாய்க்கு ஓவர்டைம் செய்தால் அவர் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போவதில்லை. இதைக் கண்டுபிடித்தவர், நாங்கள் விடுவிக்க நினைத்திருந்த எங்கள் பழைய கன்சல்டன்ட்.

பெயர்ச் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இல்லாமல் எந்த மென்பொருளும் வருவதில்லை. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடாது. சுப்பையாவின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பி.எப். கணக்கில் அவர் எஸ். முருகன், ஆதாரில் முருகன் சுப்பையா, வங்கியில் முருகன் எஸ். இந்த மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு மூன்று ஆள். 2014இல் யு.ஏ.என். என்னும் பொது எண் வந்த பிறகு வேலை மாறினாலும் கணக்கு ஒன்றே என்றாகிவிட்டது நல்லதுதான். ஆனால் பெயர் ஒத்துப்போகாவிட்டால், மகளின் திருமணத்துக்கு எடுக்கப் போன பணம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பும். புதிய மென்பொருளுக்கு மாறும்போது 160 பெயர்களையும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து ஏற்றுவதற்கு ஒரு மாதம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பனையாளர்கள் இதை "ஒரு மதியத்தில் ஏற்றிவிடலாம்" என்பார்கள். அவர்கள் ஏற்றுவது பெயரை, நாம் ஏற்றுவது ஆளை.

செலவையும் ஒரு கை பார்த்துவிடுவோம். தலைக்கு மாதம் 60 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 160 பேருக்கு மாதம் 9,600, ஆண்டுக்கு 1,15,200. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,35,936 ரூபாய். இது கணக்கர் ஒருவரின் சில மாதச் சம்பளம், அவ்வளவுதான். பயப்பட வேண்டிய செலவு அதுவல்ல. ஐந்து ஆண்டு கழித்து வேறு இடத்துக்கு மாற நினைக்கும்போது நம் பழைய பதிவுகளை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதுதான். ஒப்பந்தத்தில் இது எழுத்தில் இல்லாத நிறுவனத்தோடு பேசிப் பயனில்லை.

தரவு யார் பொறுப்பு என்பதிலும் பலர் தவறாக நினைக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தொழிலாளியின் தரவுக்குப் பொறுப்பு அதைத் திரட்டும் நிறுவனத்தின் மேல்தான். சந்தா மென்பொருள்காரர் அதன் சார்பில் வேலை செய்பவர் மட்டுமே. போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆகவே விலகிப்போனவருடைய முகப் பதிவை எத்தனை நாளில் அழிப்பது என்ற விதியை நாங்களே எழுதி, வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டியிருக்கிறோம். ஒப்பந்த ஆள்களில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் அதிகம்.

இவை தவிர, விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவால் வடிகட்டுவது, ஆண்டு மதிப்பீட்டைத் தானியங்கியாக்குவது என்றெல்லாம் கூடுதல் பகுதிகளை விற்கிறார்கள். எங்களுக்கு வெல்டர் வருவது, ஏற்கெனவே இங்கிருக்கும் வெல்டரின் மைத்துனர் என்ற வழியில். அவரைத் தேர்வு செய்வது ஒரு தகட்டை வெட்டி ஒட்டச் சொல்லிப் பார்த்து. அமேசான் நிறுவனமே ஆள் தேர்வுக்கென உருவாக்கிய கருவி பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதால் அதைக் கைவிட்டது என்று 2018இல் செய்தி வந்தது. அந்தப் பகுதிக்குப் பணம் கட்டுவதில்லை என்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தோம்.

நான் எழுதித் தந்த பரிந்துரை எந்த ஒரு வழியும் அல்ல, மூன்றிலிருந்தும் எடுத்தது. பணிமனைக்கும் அலுவலகத்துக்கும் வாசலில் முகம் அறியும் இயந்திரம்; ஓட்டுநர்களுக்குப் பணி நேரத்தில் மட்டும் இருப்பிடம் பதியும் கைபேசிச் செயலி; இரண்டும் போய்ச் சேரும் இடமாகச் சந்தா மென்பொருள். நிமிடங்களை முழுமையாக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். கன்சல்டன்ட் தொடர்வார், மாதம் ஒருமுறை கணக்கைச் சரிபார்க்கும் வேலைக்கு மட்டும். சூப்பர்வைசரின் மேசையில் ஒரு நோட்டும் இருக்கும். இயந்திரம் தவறவிட்டதை, ஷிப்ட் மாற்றிக்கொண்டதை, கைபேசி இல்லாதவர் கேட்ட லீவை அதில் எழுத வேண்டும். மறுநாள் காலை 11 மணிக்குள் அலுவலகத்தில் ஒருவர் அதை மென்பொருளில் ஏற்றி, நோட்டில் டிக் அடிக்க வேண்டும். டிக் இல்லாத வரி எதுவும் சம்பள நாள்வரை நிற்கக் கூடாது. நோட்டு எதற்கு என்று மென்பொருள்காரர் சிரித்தார். பெயின்டரின் "வெளியேறு" பொத்தானை அவருக்குக் காட்டினேன்.

தொடங்கும் நாளாக அக்டோபர் 1ஐத் தேர்ந்தெடுத்தோம். இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலம், தொழில்வரியின் அரையாண்டு இரண்டும் அன்றுதான் புதிதாகத் தொடங்குகின்றன. பாதிக் காலத்தைப் பழைய எக்செல்லிலும் பாதியைப் புதியதிலும் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதம் இரண்டிலும் சம்பளம் போட்டு, வித்தியாசம் வரும் ஒவ்வொரு பெயரையும் உட்கார்ந்து பார்ப்போம்.

தீராமல் நிற்பது அந்த 32 பேர். அவர்களுடைய வருகையைப் பதிவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று அவர் சொல்கிறார். எங்கள் வாசலில், எங்கள் இயந்திரத்தில் அவர்கள் முகம் பதிந்தால் நாளைக்கு 480 நாள் கணக்கு யாரை நோக்கி வரும் என்பது அவருக்கும் தெரியும், எங்கள் நிர்வாகத்துக்கும் தெரியும். பதிய வேண்டும் என்று நான் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அவர்கள் வாட்ச்மேனின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இயந்திரத்தைத் தாண்டி உள்ளே போகிறார்கள்.